பட்டறைக்கு முன்னால் வாய்க்கால்

சொந்தமாகப் பட்டறை கட்டப்போவதாக என் தம்பி அறிவித்தபோது, உறவிலும் நட்பிலும் எல்லோரும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்டார்கள். கூரை தகரமா, கான்கிரீட்டா? மொத்தம் எவ்வளவு ஆகும்? தரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தரை என்பது எப்படியும் இருக்கும், அதன்மேல் கட்டிடம் வரும் என்பதுதான் நம்மில் பெரும்பாலோர் அபிப்பிராயம். என்னுடையதும் அதுதான். தமிழ் முதுகலை படித்துவிட்டு மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் ஒருத்திக்கு மண்ணோடு என்ன சம்பந்தம்?

தம்பி டர்னர். கிழக்குப் பெங்களூரில் ஒரு சிறிய எந்திரத் தொழிற்கூடத்தில் பத்தொன்பது வருடம் லேத்தில் நின்றவன். 2020 ஊரடங்கு அந்த இடத்தை மெல்லச் சாய்த்தது. அடுத்த வருடம் கதவை மூடினார்கள். தரவேண்டிய பாக்கிக்குப் பதிலாக முதலாளி ஒரு லேத்தைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். ஹரிஹரில் செய்த பழைய மைசூர் கிர்லோஸ்கர் எந்திரம். ஒரு டன்னுக்கு மேல் எடை. மூன்று வருடமாக அது ஒரு நண்பரின் கிடங்கில் கிரீஸ் பூசிய கோணிப்பைக்குள் வாடகைக்குக் குடியிருந்தது. தம்பி மாதம் ஒருமுறை போய்க் கோணியை விலக்கிப் பார்த்துவிட்டு வருவான். அதற்கு ஒரு வீடு வேண்டும், அதுதான் பட்டறை.

மனை இருந்தது. கிருஷ்ணராஜபுரத்துக்குக் கிழக்கே, அப்பாவின் ஓய்வுப் பணத்தில் 2012-ல் வாங்கிப் போட்ட முப்பதுக்கு நாற்பது. வடக்கே மேடு, தெற்கே கொஞ்ச தூரத்தில் ஏரி. எங்களுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு ஓட்டு வீடு, அதைத் தாண்டி ஒரு காலி மனை. ஓட்டு வீட்டில் ஒரு கன்னடப் பாட்டியும் பேரனும் ஒரு பசுமாடும். பாட்டியை அந்தத் தெருவே அஜ்ஜி என்றுதான் கூப்பிடுகிறது, நாங்களும் அப்படியே.

லேத்துக்கும் தரைக்கும் உள்ள உறவைத் தம்பி எனக்கு விளக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டின் ஒரு மூலை ஒரு நூல் இறங்கினால் சுவரில் விரிசல் விழும். பூசி மறைத்து வெள்ளையடித்துவிடலாம். லேத்தின் ஒரு கால் இறங்கினால் அதன் நீண்ட இரும்புப் படுகை கண்ணுக்குத் தெரியாமல் முறுக்கிக்கொள்ளும். உருளையாக வரவேண்டிய தண்டு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் வரும். லேத்தை நிறுத்தும்போது வைத்துப் பார்க்கிற மட்டம் கொத்தனாரின் ரசமட்டம் அல்ல. ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்ந்தாலே அதன் குமிழி ஒரு கோடு நகர்ந்துவிடும். "தலைமுடியை நாலாக் கிழிச்சாக்கூட அதைவிடத் தடிமனா இருக்கலாம்க்கா" என்றான். "மழைக்கு ஒரு தடவை ஊறி, வெயிலுக்கு ஒரு தடவை காயுற மண்ணுல அதை எப்படி நிறுத்துறது?"

ஆகவே முதல் வேலை சுவரும் இல்லை, கூரையும் இல்லை. மண்ணை அறிவது.

இரண்டு இடத்தில் குழி வெட்டினோம். வடமேற்கு மூலையில் இரண்டடி போனதும் கடப்பாரை 'ணங்' என்றது. செம்மண் கலந்த கெட்டி மொரம்பு. தென்கிழக்கில் கதை வேறு. முதல் இரண்டரை அடி முழுக்கக் கட்டிட இடிபாடு: உடைந்த டைல்ஸ், சிமென்ட் சாக்கு, ஒரு நைலக்ஸ் புடவையின் பாதி. மனை போட்டு விற்றவர்கள் பள்ளத்தை மூடி மேலே கொஞ்சம் செம்மண் தூவியிருந்தார்கள். முகத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி. அதற்குக் கீழே கறுப்பாக, வழவழவென்று களிமண். கையில் எடுத்துப் பிசைந்தபோது சின்னச் சின்ன நத்தை ஓடுகள். ஐந்தடியில்தான் மொரம்பு கிடைத்தது.

நத்தை ஓடு எந்தப் பத்திரத்தைவிடவும் தெளிவான ஆவணம். அந்த மூலையில் ஒரு காலத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது, அல்லது ஓடியிருக்கிறது.

நீர் மட்டக் குழாய் என்று ஒன்று உண்டு. கண்ணாடி போன்ற நீண்ட பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, இரு முனையையும் இரு முளைக்குச்சிகளில் பிடித்தால் இரண்டு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். எத்தனையோ லேசர் கருவிகள் வந்த பிறகும் மேஸ்திரிகள் இதை விடவில்லை. விடவேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். வடமேற்கு மூலைக்கும் தென்கிழக்கு மூலைக்கும் குறுக்கே ஐம்பது அடி. (முப்பதுக்கு நாற்பது மனையின் வசதி இது: குறுக்களவு சரியாக ஐம்பது வந்தால் மூலைகள் சதுரம் என்று அர்த்தம்.) அந்த ஐம்பது அடிக்குள் தரை பதினோரு அங்குலம் இறங்கியிருந்தது. மேலே கொட்டி நிரவிய பிறகும் பதினோரு அங்குலம்.

மேஸ்திரியிடம் தயாராக ஒரு தீர்வு இருந்தது. "மூணு அடி ஏத்திடலாம் மேடம். இடிச்ச கல்லு மண்ணு லோடு சல்லிசா வரும், சில பேரு சும்மாவே கொட்டிட்டுப் போவாங்க. சுத்திக் கல்லு கட்டி பேஸ்மட்டம் தூக்கிட்டா தண்ணி நம்ம பக்கமே எட்டிப் பாக்காது."

"அப்புறம் எங்க போகும்?" என்று கேட்டேன்.

அவர் ஓட்டு வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார். "அது அவங்க பாத்துக்குவாங்க."

அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெங்களூர் முழுக்க இந்த ஒற்றை வாக்கியத்தின் மேல்தான் வளர்ந்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் மேடும் சரிவுமாகக் கிடக்கிற ஊர் இது. வற்றாத ஆறு எதுவும் கிடையாது. அதனால் ஒவ்வொரு சரிவையும் குறுக்கே மறித்து ஏரி வெட்டினார்கள். ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்ததற்குப் போகும்படி வாய்க்கால் விட்டார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கன்னடத்தில் ராஜகாலுவெ என்று பெயர். நம் கால்வாயின் கால்தான் அது. ஏரியின் மதகுக்கு அவர்கள் சொல்லும் தூபு நம்முடைய தூம்பு. இருபது வருடம் இந்த ஊரில் இருந்து, தண்ணீர் பற்றிய சொற்களில்தான் இரண்டு மொழியும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதைக் கவனித்தேன். நெருக்கம் அகராதியோடு சரி. 1991-ல் காவிரிக்காக நடந்ததை இந்த ஊர்த் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த வாய்க்கால்களில் பல இன்று சந்துகளாகவும் சுற்றுச்சுவர்களாகவும் ஆகிவிட்டன. 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் வெளிவட்டச் சாலையில் கணினி நிறுவன ஊழியர்கள் டிராக்டரில் நின்றுகொண்டு வேலைக்குப் போன படங்களை நாடே பார்த்தது. தண்ணீர் புதிதாக எந்த வழியிலும் வரவில்லை. பழைய வழியில்தான் வந்தது. வழியில் வீடுகள் இருந்தன. எவ்வளவு தூரம் விட்டுக் கட்டுவது என்பதிலும் சட்டம் நிலையாக நின்றதில்லை. வாய்க்கால்களிலிருந்து 50, 35, 25 மீட்டர் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் விதித்தது; 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

எங்களுக்கு அந்தக் கவலைகூட இல்லை. தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் மனை மீது வாய்க்கால் என்று எந்தக் கோடும் இல்லை. சட்டப்படி மூன்றடி ஏற்றினால் யாரும் எங்களைத் தடுத்திருக்கப் போவதில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. கோடு இருந்திருந்தால் அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கலாம்.

எப்போதோ மொழிபெயர்ப்பு வேலையாக 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தைப் புரட்டியிருக்கிறேன். ஏழாவது பிரிவின் உதாரணங்களில் ஒன்று: மேட்டு நிலத்தில் விழுந்து, குறிப்பிட்ட கால்வாய் எதுவுமின்றி இயல்பாக வழிகிற நீரைத் தன் நிலத்துக்குள் விடத் தாழ்ந்த நிலத்துக்காரர் கடமைப்பட்டவர். அதிலுள்ள 'இயல்பாக' என்கிற சொல்லுக்காக அன்று அரை நாள் யோசித்தேன். இயற்கையாகவா, தானாகவா, வழக்கம்போலவா? மனையில் நின்றபோது அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பதினோரு அங்குலம் என்று தெரிந்தது. பதினோரு அங்குலச் சரிவில் வருவது இயல்பு. மூன்றடிச் சுவரில் மோதித் திரும்பி அஜ்ஜியின் மாட்டுக் கொட்டகைக்குள் போவது இயல்பல்ல.

அஜ்ஜியிடம் கேட்கப் போனோம். அவர் பசுவுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை. ஈரக் கையை நீட்டி எங்கள் மனையின் கிழக்கு ஓரத்தைக் காட்டி, அங்கிருந்து தன் வீட்டுக் கிழக்குச் சுவரை ஒட்டி, காலி மனை வழியாக ஏரி வரைக்கும் காற்றில் ஒரு கோடு இழுத்தார். "நீரு இல்லே ஹோகத்தெ" என்றார். தண்ணீர் இங்கேதான் போகும். போகும் என்றுதான் சொன்னார். போய்க்கொண்டிருந்தது என்று சொல்லவில்லை.

அன்று இரவு தம்பியோடு பேச்சு கொஞ்சம் சூடாயிற்று. கிழக்கு ஓரத்தில் நாற்பதடி நீளத்துக்கும் மூன்றடி அகலம் வாய்க்காலுக்கு விடுவது என்றால் பட்டறையின் அகலம் இருபத்து நான்கிலிருந்து இருபத்தொன்றாகும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மூன்றடி ஒன்றும் பெரிதல்ல. நீளமான கம்பியில் வேலை என்றால் அதை லேத்தின் தலைப்பகுதித் துளை வழியாகப் பின்புறமிருந்து நுழைப்பார்கள். அதற்கு எந்திரத்தின் இடப்பக்கம் காலி இடம் வேண்டும். மூன்றடி போனால் முழுக் கம்பி நுழையாது. அறுத்து அறுத்துப் போட வேண்டும். அறுத்த ஒவ்வொரு முனையும் வீண் இரும்பு, வீண் நேரம், முழுக் கம்பியில் செய்து தரும் பக்கத்துப் பட்டறைக்குப் போகிற ஆர்டர்.

"உனக்கென்னக்கா, நீ மேசை போட்டு எழுதுறவ. மூணு அடி போனா மேசையைத் திருப்பிப் போட்டுக்குவ" என்றான். அதில் நியாயம் இருந்தது. பணம் அவனுடையது, பிழைப்பும் அவனுடையது. நான் மேற்கொண்டு பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அவனே ஒரு காகிதத்தில் படம் போட்டுக்கொண்டு வந்தான். லேத் வடமேற்கு மூலைக்குப் போயிருந்தது, கெட்டி மொரம்பின் மேல். இடது சுவரில், கம்பி வெளியே நீளும் உயரத்தில், கதவு வைத்த சின்னச் சதுரத் துளை ஒன்று. முழுக் கம்பி வரும்போது கதவைத் திறந்தால் வால்பகுதி சுவருக்கு வெளியே, எங்கள் எல்லைக்குள்ளேயே, ஒரு தாங்கியின் மேல் கிடக்கும். மழை பெய்தால் அந்த வேலை நிற்கும். "மழை நாள்ல கரண்டும் இருக்காது, போகட்டும்" என்றான்.

அதன் பிறகு வரிசை மாறியது. வழக்கமாக வானம் தோண்டுவதுதான் முதல் வேலை. (அஸ்திவாரத்துக்காகப் பூமியில் வெட்டுகிற பள்ளத்துக்கு வானம் என்று பெயர் வைத்த கொத்தனார் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.) நாங்கள் முதலில் வாய்க்கால் வெட்டினோம். மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை. கூலி நாட்கள் கூடுகின்றன என்று முனகினார். மண் வெட்டும் எந்திரத்துக்கு மணிக்கு ஆயிரத்துச் சொச்சம். இடிபாடு முழுவதையும் அள்ளி, அதில் நல்ல கல்லை மட்டும் பொறுக்கி ஒதுக்கினார்கள். நூறுக்கு ஒன்று என்கிற சரிவு கணக்கு. நாற்பதடிக்கு ஏறக்குறைய ஐந்து அங்குலம். இதற்குக் குறைந்தால் வண்டல் தங்கும். மிகவும் கூடினால் ஓடுகிற நீர் அடிமண்ணை அரிக்கும்.

வாய்க்கால் வெட்டி முடித்தது 2024 மே கடைசியில். அந்தக் கோடையில் பெங்களூர் தண்ணீருக்குப் பட்ட பாடு பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரியும். டாங்கர் லாரிக்குப் பின்னால் குடங்களும், கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பும். அதற்குப் பத்து நாளுக்குள் ஜூன் 2-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வானம் பிளந்தது. ஒரே நாளில் 111 மில்லிமீட்டர். ஜூன் மாதத்து ஒரு நாள் மழையில் 133 ஆண்டுகளில் அவ்வளவு பதிவானதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பதுக்கு நாற்பது மனையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுகிற நீர் ஐயாயிரத்து ஐந்நூறு லிட்டர். 111 என்றால் பன்னிரண்டாயிரம் லிட்டருக்கு மேல். பெரிய டாங்கர் ஒன்று. மார்ச்சில் கெஞ்சிக் கேட்ட டாங்கர், ஜூனில் யாரும் கேட்காமல் மனைக்குள் வந்து கொட்டிவிட்டுப் போகிறது. மேட்டிலிருந்து வருவது தனி.

மறுநாள் காலை போனோம். வாய்க்காலின் கிழக்குக் கரை ஓரிடத்தில் சரிந்திருந்தது. மற்றபடி பழுப்பு நீர் நிதானமாக, தெரிந்த வீட்டுக்குப் போகிறவர் மாதிரி போய்க்கொண்டிருந்தது. அஜ்ஜியின் வாசல் ஈரம். கொட்டகை காய்ந்து கிடந்தது. சரிந்த கரைக்குப் பொறுக்கி வைத்திருந்த கல்லைச் சிமென்ட் இல்லாமல் அடுக்கினார் மேஸ்திரி. சிமென்ட் பூசினால் பக்கத்து மண்ணில் ஊறுகிற நீர் வாய்க்காலுக்குள் கசிந்து வர வழியிருக்காது, சுவரைத் தள்ளிவிடும் என்று அவரே சொன்னார். மூன்றடி ஏற்றச் சொன்னவரும் இவர்தான். கேட்கிறவர்கள் கேட்டதைச் செய்வது தொழில், தெரிந்திருப்பது வேறு.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. வானம் தோண்டினார்கள். தென்கிழக்கு மூலையில் களிமண் முழுவதையும் எடுத்துவிட்டு ஐந்தடி ஆழத்திலிருந்து கருங்கல்லும் கிராவலுமாக நிரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டார்கள். மொத்தமாகக் கொட்டி மேலே ஒரு தடவை இடித்தால் மேல் அரையடிதான் இறுகும். கீழே பொல்லென்று கிடக்கும். பேஸ்மட்டம் தெருவிலிருந்து ஒன்றரை அடி. அதற்கு மேல் வேண்டாம் என்றான் தம்பி. லேத்துக்குத் தரையோடு ஒட்டாமல் தனிப் பீடம், ஒன்பது அங்குல கான்கிரீட், சுற்றிலும் அரை அங்குல இடைவெளி. பட்டறைத் தரை இறங்கினாலும் அது தனியாக நிற்கும்.

கூரை நீருக்கு ஊறல் கிணறு. பெங்களூரில் கிணறு வெட்டுவது மண்ணு வட்டர்களின் பரம்பரைத் தொழில். மூன்றடி விட்டம், இருபதடி ஆழம். குனிந்து நிமிரக்கூட இடமில்லாத அந்தக் குழிக்குள் ஒருவர் இறங்கி மண்ணைக் கூடையில் மேலே அனுப்புவதைப் பார்க்க எனக்கு மூச்சு முட்டியது. முழுதும் நிறைந்தால் நாலாயிரம் லிட்டர் கொள்ளும். வடகிழக்கில், லேத்திலிருந்து தள்ளி, மொரம்பு இருக்கிற பக்கமாகப் பார்த்து இடம் சொன்னவர் அந்தக் குழுவின் மூத்தவர்தான். களிமண்ணில் ஊறல் கிணறு வெட்டினால் அது கிணறு இல்லை, தொட்டி என்றார்.

தம்பி இதில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தான். கூரைத் தண்ணீரும் தரைத் தண்ணீரும் சேரக் கூடாது. லேத்தில் கடையும்போது வெட்டுமுனை சூடாகாமலிருக்கப் பால் மாதிரி வெள்ளையாக ஒரு திரவம் ஊற்றுவார்கள். தண்ணீரில் கரைத்த எண்ணெய். பட்டறைகளில் அதற்கு சோப் ஆயில் என்று பெயர். இரும்புத் துகளும் கிரீசுமாக அது தரையில் சிந்தும். பல இடங்களில் கழுவித் தெருவில் விடுகிறார்கள். அப்படி விட்டால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நகரத்தின் இந்தப் பக்கத்து நீரெல்லாம் ஏரி ஏரியாக இறங்கி தட்சிண பினாகினியில் சேர்கிறது. 2015-ல் நுரையில் தீப்பிடித்த பெல்லந்தூர் ஏரியும் அதே ஆற்றில்தான் வடிகிறது. அந்த ஆறு ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் தென்பெண்ணை ஆகிவிடும். கிருஷ்ணகிரி, சாத்தனூர் தாண்டினால் திருக்கோயிலூர். நானும் தம்பியும் நீச்சல் பழகிய ஊர். பட்டறைத் தரையின் சாய்வை உள்பக்கமாகவே வைத்து, மூலையில் ஒரு குழியில் தடுப்புப் போட்ட இரும்புப் பீப்பாய் புதைத்திருக்கிறான். எண்ணெய் மேலே மிதக்கும். வாரம் ஒருமுறை எடுத்துக் கழிவு எண்ணெய் வாங்குகிறவருக்குக் கொடுக்கிறான். அடியில் நிற்கிற நீரையும் அவன் வாய்க்காலில் விடுவதில்லை; அதற்கும் ஒரு டிரம் இருக்கிறது.

செப்டம்பரில் லேத் வந்தது. கிரேன்காரருக்கு மதியச் சாப்பாடு அஜ்ஜி வீட்டில். நான்கு காலுக்கடியிலும் மெல்லிய பித்தளைத் தகடுகளைச் செருகியும் எடுத்தும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவர ஒன்றரை நாள் ஆயிற்று. அக்டோபர் மழையெல்லாம் ஓய்ந்த பிறகு தம்பி மறுபடி மட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி அரைக் கோடு நகர்ந்திருந்தது. ஒரு தகட்டை உருவினான், சரியாயிற்று. அதற்கப்புறம் நகரவில்லை.

வாய்க்காலில் வண்டல் சேர்கிறது. மாதம் இரண்டு தடவை அள்ள வேண்டும். எங்கள் பக்கத்தைத் தம்பியும் கீழ்ப்பக்கத்தை அஜ்ஜியின் பேரனும் அள்ளுகிறார்கள். அள்ளின வண்டல் அவர்கள் வீட்டுக் கீரைப் பாத்திக்குப் போகிறது. மேட்டுப்பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் குளியலறைத் தண்ணீரை இதில் திருப்பிவிட முயன்றார்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் நிறுத்தவில்லை.

இப்போது கவலை கீழே, அஜ்ஜி வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவிலிருக்கிற அந்தக் காலி மனையில். அது கைமாறிவிட்டது. வாங்கியவர் வேறு ஊரில் இருக்கிறார். அங்கே அடைத்தால் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. முதலில் கொட்டகை, பிறகு நாங்கள். தம்பி அவரைத் தொலைபேசியில் பிடித்து, ஒரு ஓரமாக மூன்றடி விடச் சொல்லிக் கேட்டான். குழாய் பதித்து மூடிக்கொண்டால்கூடப் போதும், செலவில் பாதி தருகிறேன் என்றான். பார்க்கலாம் என்றாராம் அவர். ராத்திரி பத்து மணிக்கு மேல் டிப்பர் லாரிகள் வருகின்றன. அஜ்ஜிக்குத் தூக்கம் குறைவு. எண்ணி வைத்துக் காலையில் சொல்கிறார். நேற்று வரை பதினோரு லோடு.